தோல் உரிக்க நல்ல கத்தி எது? மன்னார்க் கரையின் பழைய கதை ஒன்று



ஹஜ்ஜுப் பெருநாளுக்கு இரண்டு மூன்று கிழமை இருக்கும்போதே பொடியன்மார் போனைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவார்கள். "சேர், இந்தக் கத்தி எப்படி? தோல் உரிக்க நல்லமா?" படத்தில் எட்டு அங்குலக் கத்தி ஒன்று இருக்கும். முதுகில் ரம்பப் பல், பிடியில் இராணுவ நிறம், பெயர் 'ஹண்டிங் நைஃப்'. வேட்டைக்காரன் கத்தி என்றால் தோல் உரிக்கவும் அதுதான் திறம் என்று நினைக்கிறார்கள்.

நான் இறைச்சிக்கடைக்காரன் இல்லை, சரித்திரம் படிப்பிக்கிற ஆள். ஆனால் இந்தக் கேள்விக்கு நம்ம கரையின் சரித்திரத்திலேயே பதில் இருக்கிறது. பதிவு கொஞ்சம் நீளம். தேத்தண்ணி ஒன்றை ஊற்றிக்கொண்டு ஆறுதலாக வாசியுங்கள்.

விடையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தோல் உரிக்கிற நல்ல கத்தி சின்னது. உள்ளங்கைக்குள் அடங்கும் பிடி, நாலு அங்குல அலகு. வழியைத் திறந்துவிடுவதோடு அதன் வேலை பெரும்பாலும் முடிந்துவிடும், மிச்சத்தைக் கை செய்யும். ஏன் இப்படிச் சொல்கிறேன் என்பதற்குத்தான் இந்தக் கதை.

அரிப்புக் கோட்டையில் இருந்து தொடங்குவோம். 1679ஆம் ஆண்டு ஒக்டோபர் 18ஆம் திகதி, அருவியாற்றின் கரையோரமாகக் காட்டுக்குள்ளால் நடந்து வந்த இரண்டு ஆங்கிலேயர் அரிப்பில் ஒல்லாந்தரின் கோட்டையை அடைந்தார்கள். ஒருவர் ரொபர்ட் நொக்ஸ், மற்றவர் ஸ்டீபன் ரட்லண்ட். நொக்ஸ் 1660இல் கொட்டியாரத்தில் கண்டி ராசாவின் ஆட்களிடம் பிடிபட்டு, பத்தொன்பது வருஷம் மலைநாட்டில் கைதியாக இருந்தவர். சில்லறைச் சாமான் விற்கிற வியாபாரிகள் போல வடக்கே வந்து, அநுராதபுரம் தாண்டி, மல்வத்து ஓயாவைப் பிடித்துக்கொண்டு இறங்கினார்கள். அந்த மல்வத்து ஓயாதான் நம்ம அருவியாறு.

தப்பி வரும்போது கையில் என்ன எடுத்தோம் என்று 1681இல் வெளிவந்த தன் புத்தகத்தில் நொக்ஸ் எழுதியிருக்கிறார். அரிசி, உப்பு, தீப்பெட்டிச் சாமான், மழைக்குத் தாலிப்பனை ஓலை, நீண்ட தடியில் கட்டிய சிறு கோடரி. இடுப்பில் ஆளுக்கொரு நல்ல கத்தி. கூடவே ஒரு மான் தோல். முள்ளுக் குத்தினால் காலுக்குச் செருப்புத் தைத்துக்கொள்ளத்தான் அந்தத் தோல். காட்டு வழி போகிறவனுக்கு உயிர் காலில்தான் இருக்கிறது என்று அந்த மனுஷனுக்குத் தெரிந்திருக்கிறது.

கத்தியும் தோலும் ஒரே மூட்டையில் வந்ததைக் கவனியுங்கள். இன்றைக்கு நாம் இறைச்சியைத்தான் பெறுமதி என்று நினைக்கிறோம். அந்தக் காலத்தில் மிருகத்தின் தோலும் அதே அளவு பெறுமதி. செருப்பு, கயிறு, தண்ணீர்ப் பை, பறை, துருத்தி எல்லாம் தோல். ஒரு கத்திக்காயம் விழுந்தால் அந்தத் தோலின் விலை பாதி போய்விடும்.

இதே நொக்ஸ் வேடர்களைப் பற்றியும் ஒரு விஷயம் எழுதியிருக்கிறார். வேடருக்கு அம்பு முனை தேவைப்பட்டால், இராத்திரியில் இறைச்சியைக் கொண்டுவந்து கொல்லனின் கம்மாலையில் தொங்கவிட்டுவிட்டுப் போவார்களாம். பக்கத்தில் ஒரு இலை. எந்த வடிவத்தில் இரும்பு வேண்டுமோ அந்த வடிவத்தில் இலையை வெட்டி வைத்திருப்பார்கள். கொல்லன் அதைப் பார்த்து அடித்து வைத்தால் பிறகு இன்னும் இறைச்சி வரும். ஒரு வார்த்தை பேசாமல் நடந்த வியாபாரம்.

இந்த இலைக் கதையைத் தரம் பத்துப் பிள்ளைகளுக்குச் சொல்லும்போது ஒன்றைக் கேட்பேன்: அந்த வேடன் ஏன் இலையை வெட்டி வைத்தான்? 'பெரிசா ஒண்டு அடிச்சுத் தா' என்று யாரிடமாவது சொல்லி அனுப்பியிருக்கலாமே? எந்த மிருகம், எந்த வேலை என்று தெரிந்தவனுக்கு ஆயுதத்தின் வடிவம் முதலிலேயே மனதில் வந்துவிடும். வேலைதான் வடிவத்தைத் தீர்மானிக்கிறது. போனில் படம் பார்த்துக் கத்தி வாங்குகிறவன் இதைத் தலைகீழாகச் செய்கிறான். கத்தியை வாங்கிவிட்டுப் பிறகு அதற்கு வேலை தேடுகிறான்.

இரும்பைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் "வெளிநாட்டு இரும்புதான் இரும்பு" என்று ஒரு பேச்சு நம்மிடம் இருக்கிறது. ஒன்பதாம் நூற்றாண்டில் பக்தாதில் இருந்த அறிஞர் அல்-கிந்தி, கலீபா முஃதஸிமுக்காக வாள்களைப் பற்றி ஒரு நூல் எழுதினார். அதில் உருக்கு வகைகளைப் பிரித்துச் சொல்லும்போது ஸரந்தீபையும் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறார். ஸரந்தீப் என்றால் நம்ம இலங்கை. 1996இல் கில் ஜூலெஃப் என்ற தொல்லியலாளர், பலாங்கொடைப் பக்கம் சமனலவெவவில் கண்டுபிடித்த பழைய இரும்பு உலைகளைப் பற்றி 'நேச்சர்' இதழில் எழுதினார். மலைச்சரிவில் வரிசையாக உலைகள். மனிதன் ஊத வேண்டியதில்லை, தென்மேற்குப் பருவக்காற்றே உலைக்குள் அடித்து நெருப்பை வளர்த்தது. அந்த உலைகள் ஏழாம் நூற்றாண்டிலிருந்து பதினோராம் நூற்றாண்டு வரை எரிந்தவை.

அதே நூற்றாண்டுகளில் நம்ம மாந்தைத் துறையும் உயிரோடு இருந்தது. 1980களின் தொடக்கத்தில் ஜோன் கார்ஸ்வெல் தொல்லியல் திணைக்களத்தோடு சேர்ந்து திருக்கேதீச்சரத்துக்குப் பக்கத்தில் தோண்டியபோது சீனப் பீங்கானும், மேற்கே முஸ்லிம் நாடுகளிலிருந்து வந்த மெருகிட்ட மட்பாண்டமும் ஒரே மண்ணிலிருந்து வெளிவந்தன. கிழக்கும் மேற்கும் சாமான் மாற்றிக்கொண்ட துறை அது. உருக்கைப் பற்றி வெட்கப்பட வேண்டிய நாடு இது இல்லை.

காற்று உலை மலைநாட்டுக்கு. ஊர்க் கொல்லனுக்குத் துருத்திதான் காற்று. துருத்தி எதால் செய்தது? தோலால். கிழியாமல் ஓட்டை விழாமல் உரித்த தோல் இருந்தால்தான் காற்று முழுதாக நெருப்புக்குப் போகும். ஓட்டைத் தோல் என்றால் காற்று வழியிலேயே போய்விடும், இரும்பு பழுக்காது. நல்ல கத்தி இல்லாமல் நல்ல தோல் இல்லை, நல்ல தோல் இல்லாமல் நல்ல கத்தி இல்லை. கொல்லனும் தோல் உரிக்கிறவனும் ஒருவர் கையை ஒருவர் நம்பி வாழ்ந்திருக்கிறார்கள்.

இனி நம்ம ஆட்களின் கதைக்கு வருவோம். 1845 முதல் 1850 வரை இலங்கையில் குடியேற்ற நாட்டுச் செயலாளராக இருந்த எமர்சன் டெனன்ட், யானை பிடிக்கிற பணிக்கர்களைப் பற்றி வியந்து எழுதியிருக்கிறார். வடக்கிலும் வடகிழக்கிலும் இருந்த முஸ்லிம் கிராமங்களைச் சேர்ந்தவர்கள் அவர்கள். துவக்கு இல்லை, பெரிய கூட்டமும் இல்லை. இரண்டு மூன்று பேர் யானைக்குப் பின்னால் சத்தமில்லாமல் நெருங்கி, அது கால் தூக்கும் நேரம் பார்த்துப் பின்னங்காலில் சுருக்குப் போட்டு, கயிற்றின் மற்ற முனையை மரத்தில் சுற்றிவிடுவார்கள். அந்தக் கயிறு மிருகத் தோலால் திரித்தது.

அதற்கு முந்திய ஒல்லாந்தர் காலத்திலும் வன்னி, மாந்தைக் காடுகளில் பிடித்த யானைகள் யாழ்ப்பாணத்தில் இந்திய வியாபாரிகளுக்கு விற்கப்பட்டன. நம்ம பக்கத்துக் காடு யானைக்குப் பேர்போன காடு.

பணிக்கரின் அந்தக் கயிற்றைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். தோலை நீள வாராகக் கீறி, முறுக்கித் திரிக்கிற கயிறு. உரிக்கும்போது யாரோ அவசரத்தில் கத்தியை ஒரு நூல் ஆழமாக விட்டிருந்தால், வாரில் அந்த இடம் மெலிந்திருக்கும். வெளியே பார்த்தால் தெரியாது. யானை இழுக்கும்போது தெரியும். மரத்துக்கும் யானைக்கும் இடையில் நிற்கிற ஆளின் உயிர், எப்போதோ எங்கேயோ ஒருவன் தோல் உரித்த விதத்தில் தங்கியிருந்தது.

இதே காலத்தில் இலங்கையில் பெரிய கத்தியோடு ஒருவர் இருந்தார். நுவரெலியாவில் குடியேறி மரை வேட்டையாடிய சாமுவேல் பேக்கர். 1854இல் வந்த அவருடைய வேட்டைப் புத்தகத்தில் தன் கத்தியைப் பெருமையோடு விவரிக்கிறார். லண்டன் பிக்காடிலியில் பேஜட் என்ற கடையில் தன் சொந்த மாதிரிக்குச் செய்வித்தது. அலகு ஒரு அடி நீளம், இரண்டு அங்குல அகலம், எடை மூன்று இறாத்தல், முனைப் பக்கம் மூன்று அங்குலத்துக்கு இரண்டு வாய். இன்றைக்குப் பொடியன்மார் போனில் காட்டுகிற கத்திகளுக்கு இதுதான் மூத்த வாப்பா.

அந்தக் கத்தி எதற்கு? நாய்கள் மடக்கி வைத்த மரையையும் பன்றியையும் ஓடிப்போய்க் குத்திக் கொல்ல. அந்த வேலைக்குப் பாரமும் நீளமும் வேண்டும்தான். ஆனால் அதே மூன்று இறாத்தல் இரும்பைக் கொண்டு தொடையின் உட்பக்கம் தோலைக் கீறப் போனால் தோலும் போகும், இறைச்சியும் போகும், சிலவேளை விரலும் போகும். கொல்கிற கத்தி வேறு, உரிக்கிற கத்தி வேறு. இரண்டையும் ஒன்றாக்கியது விளம்பரக்காரனின் வேலை.

மார்க்கத்திலும் இந்த இரண்டும் தனித்தனியாகத்தான் வருகின்றன. அறுக்கிற கத்தியைப் பற்றி ஸஹீஹ் முஸ்லிமில் வருகிற ஹதீஸ் எல்லோருக்கும் தெரியும். கத்தியை நன்றாகத் தீட்டி, பிராணிக்கு வேதனையைக் குறைக்கச் சொல்கிறது அது. அதற்கு நீளமான, பல்லுப் போகாத வாய் வேண்டும்.

உரிப்பதைப் பற்றிய ஹதீஸ் அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. அபூதாவூதிலும் இப்னு மாஜாவிலும் இருக்கிறது. ஒரு சிறுவன் ஆட்டின் தோலை உரித்துக்கொண்டிருக்கிறான், சரியாக வரவில்லை. அந்த வழியால் போன நபி ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள் அவனை விலகி நிற்கச் சொல்லி, தானே செய்து காட்டுகிறார்கள். தோலுக்கும் இறைச்சிக்கும் இடையில் தன் கையைச் செலுத்துகிறார்கள், அக்குள் வரை கை உள்ளே போகிறது. பிறகு எழுந்து போய்த் தொழுகை நடத்துகிறார்கள்.

அவர்கள் அந்தச் சிறுவனுக்குக் காட்டியது கையின் வேலையை. இன்றைக்கும் கைதேர்ந்த இறைச்சிக்கடைக்காரரைப் பாருங்கள், அதே வேலைதான். தோலுக்குக் கீழே மெல்லிய சவ்வு இருக்கிறது. மிருகம் சூடாக இருக்கும்போது அந்தச் சவ்வு முஷ்டிக்கு இலகுவாக விட்டுக்கொடுக்கும். ஆறிப்போனால் பிடித்துக்கொள்ளும். அப்போதுதான் ஆட்கள் கத்தியைத் தேடுவார்கள், தோலில் ஓட்டை விழத் தொடங்கும்.

சரி, இனி கத்தியைப் பார்ப்போம். கடைக்குப் போகும்போது இவற்றைக் கவனியுங்கள்.

அலகு ஆட்டுக்கு நாலு அங்குலம் போதும். மாட்டுக்கு ஐந்து, ஆறு.

வாய் பிறை மாதிரி வளைந்திருக்க வேண்டும். நேரான வாய் தோலில் முனையால்தான் படும். வளைந்த வாய் வயிற்றுப் பக்கத்தால் வழுக்கிக்கொண்டு போகும்.

முனை ஊசி மாதிரி இருக்கக் கூடாது. கொஞ்சம் மழுங்கி, கீழே இறங்கிய முனைதான் குடலையும் தோலையும் குத்தாது.

முதுகில் ரம்பப் பல் வேண்டாம். உரிக்கும்போது விரல் வைக்கிற இடம் அது.

பிடி கொழுப்பும் இரத்தமும் பட்டால் வழுக்கக் கூடாது. வார்னிஷ் பூசிய பளபளப்பான பிடியை விடுங்கள். இரும்பு பிடியின் கடைசி வரை போயிருக்கிறதா என்றும் பாருங்கள்.

இரும்பு, நம்ம கடல்காற்றுக்குச் சில்வர்க் கத்தி கறள் பிடிக்காது, பராமரிக்க இலகு. ஆனால் லொறி வில்லுத் தகட்டில் கம்மாலையில் அடித்த கத்தி சீக்கிரம் தீட்டுப்படும், வேலைக்கு நடுவில் கல்லில் நாலு இழுப்பு இழுத்தால் போதும். அதைக் கழுவி, துடைத்து, தேங்காயெண்ணெய் பூசி வைக்க வேண்டும். ஒரு இராத்திரி ஈரத்தோடு விட்டால் காலையில் கறள்தான்.

கத்திக்குக் கொடுக்கிற காசில் பாதியைத் தீட்டுகல்லுக்குக் கொடுங்கள். மொட்டைக் கத்திதான் கையை வெட்டும், ஏனென்றால் அழுத்த வேண்டி வருகிறது. தீட்டுவதைப் பிராணிக்கு முன்னால் செய்யாமல் முதல் நாளே செய்து வையுங்கள்.

உரிக்கும்போது பின்னங்கால் கணுவைச் சுற்றி ஒரு கீறல், அங்கிருந்து தொடையின் உட்பக்கமாக ஒரு கோடு, வயிற்றின் நடுவால் ஒரு கோடு. கத்தியின் வாய் எப்போதும் மேலே, தோலின் உள்ளிருந்து வெளியே பார்க்கட்டும். கீழே இரண்டு விரல் கொடுத்துத் தோலைத் தூக்கிப் பிடியுங்கள். அப்படிச் செய்தால் குடலும் குத்துப்படாது, மயிரும் வெட்டுப்பட்டு இறைச்சியில் ஒட்டாது. பிறகு கத்தியை வைத்துவிட்டு முஷ்டியால் இறக்குங்கள். விலாப்பக்கத்தில் தோல் மெல்லிசு, அங்கே கத்தியே வேண்டாம். முட்டி, வால், கழுத்து போன்ற இடங்களில் கத்தி தேவைப்பட்டால் வாயை இறைச்சிப் பக்கம் திருப்புங்கள். இறைச்சியில் விழுந்த வெட்டுக் கறியில் தெரியாது. தோலில் விழுந்த வெட்டு என்றைக்கும் அப்படியே இருக்கும்.

உரித்த தோலை வெயிலில் குவித்து வைக்காதீர்கள். ஓரிரு மணித்தியாலத்துக்குள் இறைச்சிப் பக்கம் மேலே வரும்படி விரித்து, கல்லுப்பைத் தேய்த்துவிடுங்கள். தோலின் எடையில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாமல் உப்பு வேண்டும். உப்பு விளைகிற மண்ணில் இருந்துகொண்டு உப்பில்லாமல் தோலைப் பழுதாக்குவது நமக்கு அழகில்லை.

ஏன் இவ்வளவு சொல்கிறேன் என்றால், உழ்ஹிய்யாத் தோலுக்கு ஒரு சட்டம் இருக்கிறது. அதை அறுப்புக்காரருக்குக் கூலியாகக் கொடுக்கக் கூடாது. ஸதகாவாகப் போக வேண்டிய பொருள் அது. பத்து ஓட்டை போட்ட தோலை யாரும் எடுக்க மாட்டார்கள், கடைசியில் கிடங்கு வெட்டிப் புதைக்கிறோம். ஏழையின் பங்கைத்தான் மண்ணுக்குள் போடுகிறோம். செத்த ஆட்டின் தோலைக்கூடப் பதப்படுத்திப் பயன்படுத்தியிருக்கலாமே என்று கேட்ட நபியின் உம்மத் நாம்.

இன்னொரு விஷயம், வேட்டைக் கத்தி வாங்க நினைக்கிற தம்பிமாருக்கு. முசலிக்குத் தெற்கே இருக்கிற வில்பத்து 1905இல் சரணாலயமாகி, 1938இல் தேசிய பூங்காவானது. 1894இல் வேட்டை மிருகங்களைக் காப்பாற்ற இலங்கையில் சங்கம் தொடங்கியவர்களே வேட்டைக்காரர்கள்தான். சுட்டுச் சுட்டு மிருகம் முடிகிறதை முதலில் கண்டவர்கள் அவர்கள். 1937ஆம் ஆண்டின் 2ஆம் இலக்க வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் இன்றைக்கும் நடைமுறையில் இருக்கிறது. புள்ளிமானோ மரையோ கொல்வதும், அதன் இறைச்சியை வைத்திருப்பதும் குற்றம். கம்பிக் கண்ணியில் கழுத்து இறுகிச் செத்தது நமக்கு ஹலாலும் இல்லை. இறுகிச் செத்ததைக் குர்ஆன் பெயர் சொல்லியே விலக்கியிருக்கிறது. யாராவது 'மான் இறைச்சி' என்று இரகசியமாகக் கொண்டுவந்தால் அது எப்படிச் செத்தது என்று ஒரு கேள்வி கேளுங்கள். நம்ம கத்தி ஆட்டுக்கும் மாட்டுக்கும்தான்.

கடைசியாக, மனதில் இருக்கிற ஒன்று.

1990 ஒக்டோபர் கடைசியில் வடக்கிலிருந்து ஏறத்தாழ 75,000 முஸ்லிம்களை விடுதலைப் புலிகள் வெளியேற்றினார்கள். நம்ம தீவின் ஆட்கள் வள்ளங்களில் கற்பிட்டிக்குப் போனார்கள். எருக்கலம்பிட்டி, தாராபுரம், உப்புக்குளம், முசலிக் கிராமங்கள் எல்லாம் வெறிச்சோடின. வீடு போனது, வள்ளம் போனது, உறுதிப் பத்திரம் போனது என்று நாம் கணக்குச் சொல்வோம். கணக்கில் வராத சாமானும் போனது. தோல் உரிப்பது புத்தகத்தில் படிக்கிற வேலையில்லை. வாப்பாவுக்குப் பக்கத்தில் நின்று காலைப் பிடித்துக்கொண்டு, பார்த்துப் பார்த்துப் படிக்கிற வேலை. புத்தளத்து முகாமில் ஓலைக் கொட்டிலுக்குள் வளர்ந்த பிள்ளைக்கு ஆட்டுப் பட்டியும் இல்லை, பக்கத்தில் நிற்க நேரமுள்ள வாப்பாவும் இல்லை. ஒரு தலைமுறை அந்தப் படிப்பைத் தவறவிட்டது. 2009க்குப் பிறகு திரும்பி வந்து வீடு கட்டினோம், பள்ளிவாசல் கட்டினோம். கைப்பழக்கம் செங்கல்லில் வராது. அந்த இடைவெளியில்தான் எட்டு அங்குலக் கத்தியின் படம் வந்து உட்கார்ந்திருக்கிறது.

ஆனால் அறிந்தவர்கள் இன்னும் ஊருக்குள் இருக்கிறார்கள். எழுபது தாண்டிய மாமாமார், காக்காமார். கை கொஞ்சம் நடுங்கினாலும் முஷ்டியை எங்கே வைப்பது என்று அவர்களுக்குத் தெரியும். இந்தப் பெருநாளுக்கு ஒவ்வொரு வீட்டாரும் இரண்டு காரியம் செய்யுங்கள். பரணில் கறள் பிடித்துக் கிடக்கிற பழைய சின்னக் கத்தியை இறக்கி, எண்ணெய் போட்டுத் தீட்டிப் பாருங்கள், புதிதாக வாங்கத் தேவை இருக்காது. இரண்டாவது, உரிக்கும்போது பத்துப் பன்னிரண்டு வயதுப் பிள்ளை ஒன்றைப் பக்கத்தில் நிறுத்துங்கள். கத்தியைக் கொடுக்க வேண்டாம். கையைக் கழுவச் சொல்லி, தோலுக்கும் இறைச்சிக்கும் இடையில் அந்தக் கையை விடச் சொல்லுங்கள். அவன் அங்கே இருந்து தொடங்கட்டும்.

எல்லோருடைய குர்பானையும் அல்லாஹ் ஏற்றுக்கொள்வானாக.